‘அட்’, ‘டாட்’ ஆன கதை: மின்னஞ்சல் சுட்டிகளின் வரலாறு

காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் அதிகாரிகளின் தொடர்பு விவரங்கள் உள்ள பக்கத்தைத் திறந்தால், மின்னஞ்சல் முகவரிகளில் ஒரு விநோதத்தைக் காணலாம். உலகம் முழுக்கத் தெரிந்த @ குறி அங்கே இருக்காது. அதற்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குறிக்குள் ‘அட்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். புள்ளி வர வேண்டிய இடத்தில் அதேபோல ‘டாட்’. சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. நகலெடுத்து ஒட்டினால் மடல் போகாது. அடைப்புக்குறிகளை அழித்து, @ குறியைக் கையால் போட்டு, புள்ளியையும் வைத்தால்தான் அது முகவரியாகும்.

காஞ்சிபுரம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். தேசிய தகவலியல் மையம் ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்திருக்கும் மாவட்டத் தளங்களில் எங்கு பார்த்தாலும் இதே வழக்கம்தான். சொடுக்கினால் திறக்க வேண்டிய ஒரு முகவரி ஏன் இப்படி முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிறது? இதற்குப் பதில் தேடினால் 50 ஆண்டுகளுக்கு முன்பு போக வேண்டியிருக்கிறது.

1971-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மடல் அனுப்பும் நிரலை எழுதினார். ஆள் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ஒரு குறி தேவைப்பட்டது. யாருடைய பெயரிலும் வராத குறியாக இருக்க வேண்டும். விசைப்பலகையில் அதிகம் வேலையில்லாமல் கிடந்த @ அவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்! வியாபாரிகள் ‘இன்ன விலைக்கு’ என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த குறி, உலகத்தின் தபால் முத்திரையாகிவிட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தூர்க், அர்ப்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். குப்பை மடல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த முகவரிகள் ஓர் அச்சிட்ட புத்தகத்தில் இருந்தன. அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்கள். முகவரி சேர்ப்பது என்பது விரல் வலிக்கும் வேலையாக இருந்த காலம் அது. முகவரியை மறைக்க யாருக்கும் காரணமே இல்லை.

வலை வந்தபோது அந்த நம்பிக்கையும் கூடவே வந்தது. டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய வலையின் ஆரம்பகாலப் பக்கங்களில், பக்கத்தை எழுதியவர் தன் முகவரியை அடியில் போடுவது மரியாதை. தவறு கண்டால் எழுதுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஹெச்டிஎம்எல் மொழியில் அதற்கென்றே ‘அட்ரஸ்’ என்று ஓர் ஒட்டு உண்டு. 1994 டிசம்பரில் வலை முகவரிகளுக்கான விதிகள் ஆவணமாக வெளியானபோது, ‘மெயில்டூ’ என்ற முன்னொட்டும் அதில் இடம்பெற்றது. ஒரு சுட்டியின் தொடக்கத்தில் இந்தச் சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் போட்டால் போதும். உலாவி அதைப் பக்கம் என்று நினைக்காமல் மடல் எழுதும் சாளரத்தைத் திறந்துவிடும்.

ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி. ஆக மொத்தம் ஏழு குறிகள். ‘இங்கே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது’ என்று உலாவிக்குச் சொல்லத்தான் அந்த ஏழு குறிகளை வைத்தார்கள். ஆனால் அது உலாவிக்கு மட்டும் கேட்கும் ரகசியம் இல்லையே! பக்கத்தைப் படிக்கும் எந்த நிரலுக்கும் அது அதே சத்தத்தில் கேட்கும். பின்னால் வந்த தலைவலி முழுவதற்கும் விதை இங்கே விழுந்தது.

அடுத்த ஆண்டே ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் அதன் முதல் வடிவத்தை எழுதினார் என்பது கணினி மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. அந்த முதல் பதிப்பிலேயே ‘டாக்குமென்ட்’ என்ற பொருளுக்குள் ‘லிங்க்ஸ்’ என்று ஒரு வரிசை இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பக்கத்தில் உள்ள சுட்டிகள் எல்லாம், வரும் ஒழுங்கிலேயே, அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சுட்டிக்கும் ‘புரோட்டோகால்’ என்று ஒரு பண்பு உண்டு. வலைப்பக்கச் சுட்டி என்றால் அதில் ‘ஹெச்டிடிபி’ இருக்கும். மின்னஞ்சல் சுட்டி என்றால் ‘மெயில்டூ’ இருக்கும். ஒரு ‘ஃபார்’ சுழற்சி, உள்ளே ஓர் ‘இஃப்’ நிபந்தனை. பக்கத்தில் எத்தனை மின்னஞ்சல் சுட்டிகள் என்று எண்ணியாகிவிட்டது. 1996-ல் எழுதிய இந்த நிரல் இன்றைய உலாவியிலும் ஓடும். இணையத்தில் இவ்வளவு ஆயுள் உள்ள சங்கதிகள் மிகக் குறைவு.

2006-ல் ஜேகுவெரி வந்த பிறகு பலரும் இந்த வரிசையை மறந்தார்கள். ‘மெயில்டூ’ என்று தொடங்கும் சுட்டிகளை எல்லாம் கொடு என்று ஒரே வரியில் கேட்க முடிந்தது. 2009 வாக்கில் உலாவிகளே ‘குவெரிசெலக்டர்ஆல்’ மூலம் அந்த வசதியை நேரடியாகத் தந்துவிட்டன. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஓர் ஓட்டை உண்டு. பக்கத்தை எழுதியவர் முன்னொட்டைப் பெரிய எழுத்துகளில் போட்டிருந்தாலோ, அதற்கு முன் ஓர் இடைவெளி விட்டிருந்தாலோ, அந்த ஒற்றை வரி ஏமாந்துவிடும். அது மூலத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிடுகிறது. பழைய ‘புரோட்டோகால்’ முறையிலோ, உலாவி முகவரியைச் சுத்தம் செய்து, சின்ன எழுத்தாக்கிய பிறகே நம்மிடம் தருகிறது. படத்தின் மீது பகுதி பகுதியாகச் சுட்டி போடும் பழைய வழக்கம் இருந்ததே, அந்தச் சுட்டிகளும் ‘லிங்க்ஸ்’ வரிசையில் வந்துவிடும். வயதானவர் சொல்வதைக் கேட்பதில் சில நன்மைகள் இருக்கத்தான் செய்கின்றன.

சரி, மின்னஞ்சல் சுட்டியை எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும்? முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் உறைப்படம் போட, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று கணக்கெடுக்க என்று பல காரணங்கள் உண்டு. நம் ஊருக்கு இன்னொரு காரணம் இருந்தது. பிரவுசிங் சென்டர்!

மெயில்டூ சுட்டி ஒரு கற்பனையின் மேல் நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணினி இருக்கும், அதில் அவருடைய மடல் மென்பொருள் அமைத்திருக்கும் என்பதே அந்தக் கற்பனை. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். நம் மக்களில் பெரும்பாலோர் மின்னஞ்சலை முதன்முதலில் பார்த்தது ஹாட்மெயில், யாஹூ, ரெடிஃப் போன்ற வலைப்பக்கங்களில்தான். அதுவும் மணிக்கணக்கில் காசு கொடுத்து, பிறர் கணினியில். அங்கே ஒரு மெயில்டூ சுட்டியைச் சொடுக்கினால் என்ன ஆகும்? அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எழுந்து, உங்கள் பெயர் என்ன, வழங்கி எது என்று வரிசையாகக் கேள்வி கேட்கத் தொடங்கும். பதில் தெரியாமல் மூடிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். 2008-ல் வந்த ஃபயர்பாக்ஸ் 3 உலாவிதான், மெயில்டூ சுட்டியை யாஹூ போன்ற வலை அஞ்சலில் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அதுவரை, சுட்டிகளைச் சின்ன நிரலால் கண்டுபிடித்து, முகவரியைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதிக்காட்டுவதே பக்கம் எழுதுகிறவர் செய்யக்கூடிய உபகாரம்.

இதைப் பட்டோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், முருகன் என்று பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் 2005-06-ல் கிடைத்துவிட்டது. அதாவது அந்தப் பெயரை யார் போடலாம், யார் போடக்கூடாது என்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ கல்யாணம் வைத்திருக்கும் ஒரு வீட்டார், இது அசல்தானா என்று நெய்தவர்களின் சங்கத்தையே கேட்க விரும்பினால், இரவு பகல் வித்தியாசத்தில் தொலைபேசி சரிப்படாது, மடல்தான் வழி. பெரிய கடை வைத்திருப்பவர் படிவம் வைப்பார், ஆள் வைப்பார். சங்கத்திற்கும் அரசு அலுவலகத்திற்கும் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு முகவரிதான் வாசல். அது சொடுக்கினால் திறக்கிறதா இல்லையா என்பது நிரல் எழுதுகிறவருக்கு வேண்டுமானால் சின்ன விஷயமாக இருக்கலாம்.

இனி அறுவடைக்காரர்களின் கதை. 1990-களின் இரண்டாம் பாதியில் வலைப்பக்கங்களைத் தானாகவே மேய்ந்து முகவரிகளைப் பொறுக்கும் நிரல்கள் பெருகின. 1978-ல் புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்த வேலையை இப்போது இயந்திரம் தூங்காமல் செய்தது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் அந்த ஏழு குறிகள். ஜாவாஸ்கிரிப்ட்டே கூட இந்தப் பாவத்தில் கொஞ்சம் பங்கெடுத்தது. நெட்ஸ்கேப் 2 உலாவியில், பக்கத்துக்கு வந்தவருக்குத் தெரியாமலேயே ஒரு படிவத்தை மெயில்டூ வழியாக அனுப்பவைத்து, வந்தவரின் முகவரியையே பறித்துவிட முடிந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அதை அடைத்தார்கள்.

2003 மார்ச்சில் அமெரிக்காவின் ஜனநாயகம் மற்றும் தொழில்நுட்ப மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. புதிதாக உருவாக்கிய முகவரிகளை வெவ்வேறு இடங்களில் விட்டுவைத்து, ஆறு மாதம் எதற்கு எவ்வளவு குப்பை வருகிறது என்று பார்த்தார்கள். வந்த குப்பையில் 97 சதவீதம், பொது வலைப்பக்கங்களில் போட்ட முகவரிகளுக்கே வந்தது. அதே பக்கங்களில் ‘அட்’, ‘டாட்’ என்று சொல்லால் எழுதி மறைத்த முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை.

காஞ்சிபுரம் பக்கத்தின் முகமூடிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தக் காலத்தில் அது நிஜமாகவே வேலை செய்தது.

வேறு தந்திரங்களும் இருந்தன. முகவரியைப் படமாக்கிப் போடுவது, எழுத்துகளுக்குப் பதில் எண் குறியீடுகளைப் போடுவது, துண்டு துண்டாக வைத்து ஜாவாஸ்கிரிப்ட்டால் ஒட்டுவது. கடைசியாகச் சொன்னது புத்திசாலித்தனமானது. அறுவடை நிரல்கள் மூலத்தை மட்டும் படித்தன, நிரலை ஓட்டவில்லை. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இன்றும் பல தளங்களுக்கு இதையே தானியங்கியாகச் செய்து தருகிறது. முகவரியின் ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணோடு கலந்து வைத்து, உலாவிக்குள் வந்ததும் பிரித்துக் காட்டும். சுட்டியைக் கண்டுபிடிக்கும் அதே மொழி, சுட்டியை மறைக்கவும் உதவியது.

ஆனால் காலம் 2003-லேயே நிற்கவில்லை. திரை இல்லாமல் ஓடும் உலாவிகள் வந்துவிட்டன. அவை நிரல்களை ஓட்டிப் பார்த்துவிட்டே பக்கத்தைப் படிக்கும். ‘அட்’ என்ற அடைப்புக்குறியை @ குறியாக மாற்ற, முதல் வருட மாணவர் ஒருவருக்கு ஒரு வரி போதும். சோம்பேறி அறுவடைக்காரர் சிலரை அது இன்னும் தடுக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. கொஞ்சம் முனைப்புள்ள ஒருவரை நிச்சயமாகத் தடுக்காது. அது தடுப்பது யாரை என்று பார்த்தால், கைபேசியில் நகலெடுத்து ஒட்டத் தெரிந்த, அடைப்புக்குறியை ஏன் அழிக்க வேண்டும் என்று தெரியாத நெசவாளரை. திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவரை. இத்தனைக்கும் தேசிய தகவலியல் மையத்தின் அந்த மாவட்டத் தள அச்சின் பெயரிலேயே ‘சுகம்யா’ என்று ஒரு சொல் உண்டு. எளிதில் அணுகக்கூடியது என்று பொருள்!

குப்பையைத் தடுக்கும் வேலையை மடல் வழங்கிகளின் வடிகட்டிகள் எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்தில் போட்ட முகமூடி மட்டும் வழக்கமாகத் தங்கிவிட்டது.

சுட்டியே இல்லாமல், எழுத்தாக மட்டும் இருக்கும் முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தனிக் கதை. ‘மெயில்டூ’ என்ற அடையாளம் இல்லாதபோது, முகவரி எப்படித் தோற்றமளிக்கும் என்று ஒரு வடிவத்தை எழுதி, பக்கம் முழுக்க அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்கான வசதி ஜாவாஸ்கிரிப்ட்டில் 1997-ல் நெட்ஸ்கேப் 4 உடன் வந்தது, 1999 டிசம்பரில் மொழியின் தர விதியிலும் சேர்ந்தது. காஞ்சிபுரத்துத் தறி மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், இழை தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. துளை போடும்போது மறந்துபோன இழை, எத்தனை முறை மிதித்தாலும் எழாது.

அப்படி மறந்துபோன இழைதான் தமிழ்.

முகவரிக்கு இணையத்தில் எல்லோரும் நகலெடுத்துப் பயன்படுத்திய வடிவங்கள், @ குறிக்கு முன்னால் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு இவை மட்டும்தான் வரும் என்று எழுதப்பட்டவை. 1990-களிலும் 2000-களிலும் அது சரியாகத்தான் இருந்தது. முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால் மடலுக்குள் தமிழ் வந்துவிட்டது, தமிழ்.நெட் போன்ற மடலாடற்குழுக்களில் உலகத் தமிழர்கள் தமிழிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனால் உறையின் மேல் எழுதும் முகவரி ஆங்கிலமாகவே இருந்தது.

பிறகு நிலைமை மாறியது. 2010-ல் ‘.இலங்கை’, 2011-ல் ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே உயர்நிலைக் களப்பெயர்கள் வந்தன. @ குறிக்கு முன்னாலும் எந்த மொழி எழுத்தும் வரலாம் என்ற விதிகள் 2012 பிப்ரவரியில் வெளியாயின. 2014 ஆகஸ்டில் ஜிமெயில் அத்தகைய முகவரிகளுக்கு மடல் அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் தொடங்கியது. ஆக, ‘காஞ்சி’ என்று தொடங்கி ‘.இந்தியா’ என்று முடியும் ஒரு முகவரி விதிப்படி முழுக்கச் செல்லும். பழைய வடிவத்தை ஓட்டிப் பார்த்தால் மட்டும் அங்கே முகவரியே இல்லை என்று பதில் வரும்.

இதைச் சரிசெய்ய 2018-ல் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வழி வந்தது. ‘எந்த மொழியின் எழுத்தாக இருந்தாலும் சரி’ என்று வடிவத்தில் எழுதலாம். ஆங்கிலம், ரஷ்யன், சீனம் எல்லாவற்றுக்கும் அது போதும். தமிழுக்குப் போதாது! ‘காஞ்சி’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யுனிகோடு கணக்கில் ஆறு: க, கால், ஞ, புள்ளி, ச, இகரக் கொக்கி. இவற்றில் மூன்றுதான் ‘எழுத்து’ வகை. காலும் புள்ளியும் கொக்கியும் ‘ஒட்டுக்குறி’ என்ற வேறு வகையில் சேரும். எழுத்து மட்டும் போதும் என்று எழுதிய வடிவம், முதல் ககரத்தைத் தாண்டியதும் காலைக் கண்டு நின்றுவிடும். ஒட்டுக்குறிகளையும் சேர் என்று தனியாகச் சொன்னால்தான் ‘காஞ்சி’ முழுதாகக் கிடைக்கும். இந்தி, தெலுங்கு, மலையாளம் போன்ற இந்திய மொழிகளுக்கும் இதே கதிதான்.

வேடிக்கை என்னவென்றால், 1996-ன் அந்தப் பழைய சுழற்சிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அது முகவரியின் எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. முன்னால் இருக்கும் ‘மெயில்டூ’வை மட்டும் பார்க்கிறது. பின்னால் தமிழ் இருந்தாலும் சீனம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைக்க வேண்டும். உலாவி அந்தச் சுட்டியைத் தரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் மூன்று பைட்டாக உடைத்து, ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு இரண்டு இலக்கமாக எழுதித் தரும். மூன்றெழுத்துக் காஞ்சி 54 குறியாக நீண்டுவிடும். ‘டிகோட்யுஆர்ஐகாம்பொனென்ட்’ என்ற செயற்கூறிடம் கொடுத்தால் மறுபடியும் காஞ்சியாகிவிடும். முகவரிக்குப் பின் கேள்விக்குறி வந்தால், அதற்கப்புறம் இருப்பது பொருள், நகல் போன்ற விவரங்கள். அதை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பிரிப்பது நல்லது.

மாவட்ட இணையதளத்திற்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. பதவிப் பெயர்கள் தமிழில் இருக்கும். மின்னஞ்சல் என்ற தலைப்பும் தமிழில்தான். அதற்குக் கீழே, ஆங்கில எழுத்தில், அதே சதுர அடைப்புக்குறிகள். ‘லிங்க்ஸ்’ வரிசையைத் தேடும் நிரலுக்கு அவை சுட்டியே இல்லை, எனவே கண்ணில் படாது. வடிவத்தைத் தேடும் நிரலுக்கு ஒரு வரி கூடுதலாக எழுதினால் எல்லாமே கிடைத்துவிடும்.